மெய்யாலுமே கேக்கல

எங்கள் வீட்டில் எட்டு வருடத்தில் மூன்று பாட்டுப்பெட்டிகள் மாறின. ஒன்றுகூடக் கெட்டுப்போய் மாறவில்லை. என் கணவருக்குத் திருப்தி இல்லை, அவ்வளவுதான் காரணம். முதல் டேப் ரெக்கார்டரை ஹெட் தேய்ந்துவிட்டது என்று என் தம்பிக்குத் தூக்கிக் கொடுத்தார். அடுத்தது கம்பளி போர்த்திக்கொண்டு பாடுகிறது என்று பக்கத்து வீட்டுக்குப் போனது. மூன்றாவதாக வந்த சிடி பிளேயரையும் ஒரே மாதத்தில் முறைக்க ஆரம்பித்தார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார்.

"பொட்டி மேல தப்பு இல்லமே. ஸ்பீக்கரு சின்னது. தரையில ஆளாட்டம் நிக்குமே டவர் ஸ்பீக்கரு, அத்த வாங்கினா எல்லாம் செரியாப் பூடும்."

"வாங்கி எங்க நிக்க வெப்ப? என் தல மேலயா?" என்றேன்.

தப்பில்லாத கேள்விதான். திருவொற்றியூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய சந்தில் தரைத்தளத்தில் எங்களுக்கு ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. கூடத்தில் கட்டில், டிவி, மாதா படம், மகளின் புத்தகப் பை எல்லாம் போக நடப்பதற்கு ஒரு வழி மிச்சமிருந்தது. வெளியே துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். இந்த லட்சணத்தில் பாட்டை நுணுக்கமாகக் கேட்க ஆளுயர ஸ்பீக்கர் வேண்டுமாம்.

அவர் தேடியது ஒரு மணியை. எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய வருடம் ராயபுரத்தில் எங்கள் கோயில் பாடகர் குழு கிறிஸ்மஸுக்கு ஒரு கேசட் போட்டது. நாங்கள் இருவரும் அதில் பாடியிருக்கிறோம். அவர் ஆண்கள் வரிசையில், நான் முன்னால் பெண்கள் வரிசையில். மூன்றாவது பாட்டில் இரண்டாவது சரணம் முடிந்ததும் ஒரு கணம் எல்லோரும் நிறுத்துவோம். அப்போது பூசையில் அடிக்கிற கைமணி ஒரே ஒரு முறை ஒலிக்கும். அதை அடித்தது நான்தான். பின்னாளில் அந்தக் கேசட்டை யாரோ சிடியில் ஏற்றிக் கொடுத்தார்கள். எந்தப் பெட்டி வாங்கினாலும் அவர் முதலில் போடுவது அந்த மூன்றாவது பாட்டைத்தான்.

"மணியே வரலமே. எங்க பூட்ச்சு மணி?" என்பார்.

சமையற்கட்டில் நிற்கும் எனக்கு மணி பளிச்சென்று கேட்கும். "வருதுயா. காதுல இன்னா வேஸ்ட்டு வெச்சிகினு கீறியா?" என்று அங்கிருந்தே கத்துவேன். வேஸ்ட் என்றால் ஃபேக்டரியில் எண்ணெய் துடைக்கும் பஞ்சு. எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஹேமர் ஷாப்பில் அவருக்கு வேலை. பழுக்கக் காய்ச்சிய இரும்பை ராட்சதச் சுத்தியல் அடித்து உருவம் கொடுக்கும் இடம். அங்கே எல்லோரும் காதில் அந்தப் பஞ்சைத்தான் திருகி வைத்துக்கொள்வார்கள். சட்டை துவைக்கும்போது பையில் கறுப்புக் கறுப்பாக வரும். நான் கிண்டலுக்குச் சொன்னேன், வேறொன்றும் நினைத்துச் சொல்லவில்லை.

இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் ஒரு ஸ்பீக்கர் வாங்கப்போன கதைக்கு நான் ஏன் இத்தனை பாடுபடுகிறேன் என்று தெரியாது.

எங்கள் முதல் பிள்ளை தங்கவில்லை. ஏழாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், எனக்கு வலி கண்டது. பக்கத்து வீட்டு அக்கா என்னை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அவர் வீட்டுக்காரர் சைக்கிளை மிதித்து ஃபேக்டரி கேட்டுக்குப் போய்ச் சொன்னார். கேட்டில் இருந்தவர்கள் என் கணவரின் டோக்கன் நம்பரை மைக்கில் மூன்று முறை கூப்பிட்டார்கள். ஷாப்புக்கு ஷாப் ஒலிபெருக்கி உண்டு. அவனவனுக்கு அவனவன் நம்பர்தான் மனப்பாடம், அதனால் பக்கத்தில் இருந்தவர்களும் சொல்லவில்லை. இவர் ஷிஃப்ட் முடிந்து, கைகால் கழுவி, சாவகாசமாக வெளியே வந்தபிறகுதான் வாட்ச்மேன் வாயால் விஷயம் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, துணியில் சுற்றிக் கொண்டுபோய்விட்டார்கள்.

"மெய்யாலுமே கேக்கலமே," என்றார், கட்டிலோரம் நின்று.

மெய்யாலுமே என்பது எங்கள் பக்கத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை புழங்கும் சொல். காசிமேட்டில் ஐஸில் கிடந்த மீனை இப்போதுதான் கரைக்கு வந்தது என்பார்கள், மெய்யாலுமே. என் அப்பா தள்ளாடிக்கொண்டு வந்து ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை என்பார், மெய்யாலுமே. பொய் சொல்கிறவர்தான் அந்தச் சொல்லை முதலில் எடுப்பார் என்பது நான் பிறந்த வீட்டில் படித்த பாடம்.

படுத்தபடியே சொன்னேன். "மூணு தபா மைக்குல கூவிகீறாங்க. கேக்கலயா? நீ இன்னா செவிட்டு டமாரமா? ஓவர்டைம் காசு பூடும்னுதானே வரல? உனக்கு இரும்புதான்யா புள்ள."

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாலைந்து மாதம் போனபிறகு எனக்கே மனசு அறுத்தது. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. என் சுபாவம் ஒன்று இருக்கிறது: திட்டுவதென்றால் தெருவையே கூட்டுவேன், மன்னிப்பு என்றால் சுவரைப் பார்த்துத்தான் வாய் வரும். ஒரு நாள் அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அடுப்பைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு, "அன்னிக்கி ஆஸ்பத்திரில நான் சொன்னத மனசுல வெச்சிக்காதயா, என்னை மன்னிச்சிடு," என்றேன். பின்னால் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். சோற்றில் குழி பண்ணிவிட்டு என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "கொழம்பு ஊத்து," என்றார்.

அவ்வளவுதான். நான் குழம்பு ஊற்றினேன்.

அதன்பிறகு மகள் பிறந்தாள், வளர்ந்தாள். நாங்கள் சண்டை போட்டோம், சிரித்தோம், கோயிலுக்குப் போனோம். ஆனால் இந்த மனிதர் என்னை மன்னிக்கவில்லை என்பது மட்டும் பருப்பில் கிடக்கும் கல்லாக எனக்குள் கிடந்தது. எட்டு வருடம். தெருவில் எல்லோரும் அவரைப் பொறுமைசாலி என்பார்கள். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு எத்தனை வசவு வைதாலும் எதிர்ப்பேச்சு பேசமாட்டார். அந்தப் பொறுமையைப் பார்க்கும்போதெல்லாம், இது பொறுமை இல்லை, உள்ளே வைத்திருக்கிறார் என்றுதான் நினைப்பேன்.

ஸ்பீக்கருக்கு வருகிறேன். ஆறு மாதம் அவர் அலசினார். வண்ணாரப்பேட்டையில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்கிறவரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். மணலி புதுநகரில் ஒரு தோஸ்து வீட்டில் டவர் ஸ்பீக்கர் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, விடுமுறை நாளில் இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்து வந்தார். கடைசியில் ரிச்சி தெருவில் ஒரு கடையைப் பிடித்துவிட்டு என்னையும் கிளம்பச் சொன்னார்.

"நான் இன்னாத்துக்கு?"

"நீ ஃபோன் எட்கறவமே. உன் காது சோக்கா கீது. அங்க வந்து கேட்டுச் சொல்லு."

அது உண்மைதான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் நாள் முழுவதும் ஃபோன் எடுப்பதுதான் என் வேலை. 'ஹலோ' சொல்வதற்கு முன்னால் விடுகிற மூச்சிலேயே யாரென்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என்னிடம் என் கணவர் மட்டும் ஃபோனில் பேசமாட்டார். அவசரத்துக்கு நானே ஃபேக்டரிக்கு ஃபோன் போட்டு, ஆள் அனுப்பி வரவழைத்தாலும், "வூட்டுக்கு வந்து பேசிக்கலாம்" என்று வைத்துவிடுவார். என்மேல் இருக்கிற கசப்பு என்று அதையும் கணக்கில் சேர்த்து வைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மதியம், மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். கடைக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், அதிர்ந்து பேசாத மனிதர். மாடியில் பாட்டு கேட்பதற்கென்றே ஓர் அறை வைத்திருந்தார். கனமான திரை, தரையில் கம்பளம், நடுவில் இரண்டு நாற்காலி, எதிரே மூன்று ஜோடி ஸ்பீக்கர்கள். ஒன்று வெளிநாட்டுச் சரக்கு. ஒன்று நம்மூர்க் கம்பெனிச் சரக்கு, பார்க்க எளிமையாக இருந்தது. மூன்றாவது இங்கேயே பெட்டி அடித்துச் சேர்த்தது. வெள்ளி வளையம் எல்லாம் வைத்துக் கல்யாண மாப்பிள்ளை கணக்காக நின்றது.

"மலிவா நல்லதா வேணும்னா நடுவுல இருக்கறதை எடுங்க," என்றார் கடைக்காரர். "பெட்டியைத் தட்டிப் பாருங்கம்மா."

தட்டினேன். முதல் இரண்டும் 'டொக்' என்றன, சுவரைத் தட்டினதுபோல. வெள்ளி வளையக்காரன் 'டம்' என்றான்.

"மெல்லிசு பலகை. பாட்டு போட்டா பெட்டியும் சேர்ந்து அதிரும். ஸ்பீக்கர்தான் பாடணும், பெட்டி பாடக் கூடாது," என்றார். சத்தத்தைக் கூட்டி வைத்தது எப்போதும் நல்லதுபோலத் தெரியும், அதனால் எல்லாவற்றையும் ஒரே அளவில் வைத்துத்தான் கேட்க வேண்டும் என்றார். அடியில் உறுமுகிற கனத்த சத்தத்தில் மயங்காமல் பாடுகிறவர் குரலைக் கேளுங்கள், மேலே இருக்கிற சின்ன ஸ்பீக்கர் உட்கார்ந்தவர் காது உயரத்துக்கு வர வேண்டும், வீட்டில் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று.

எங்கள் சிடியைப் போட்டார். நடு ஜோடியில் என் குரல் எங்கே நிற்கிறது, ஆண்கள் வரிசை எவ்வளவு பின்னால் நிற்கிறது என்று கண்ணை மூடினால் தெரிந்தது. மணி வந்தது. இத்தனை வருடம் கழித்து என் கையே என் காதுக்குப் பக்கத்தில் அடித்ததுபோல் இருந்தது. கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தேன். உதட்டைப் பிதுக்கினார்.

"மணி வரல."

கடைக்காரர் வெளிநாட்டு ஜோடிக்கு மாற்றினார். இன்னும் பளிச்சென்று வந்தது. "இதுலயும் வரல. இதுக்குப் போயி ரெண்டு பங்கு வெலயா? ரெண்டும் ஒரே மாரிதான் கீது," என்றார். மூன்றாவதுக்கு மாற்றியபோது எழுந்து போய் அந்த மெல்லிசுப் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். முகம் மலர்ந்தது. "இது ஜோரு. மணிதான் காணோம், ஆனா இதான் ஜோரு."

"சார், கை வெச்சுப் பார்க்காதீங்க. அதிர்வுதான் அதோட குறையே," என்றார் கடைக்காரர்.

"இன்னாத்துக்கு ஒளறிகினு கீற? மூணுலயும் மணி வருதுயா," என்றேன் எரிச்சலோடு, அவர் முகத்துக்கு நேராக. நான்கு பேர் எதிரே மானத்தை வாங்குகிறாரே என்று கோபம். அறையில் இருந்தது நாங்கள் மூன்று பேர்தான். கோபத்தில் எனக்கு நான்காகத் தெரிந்தது.

கடைக்காரர் ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு சின்ன ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று சோதிக்கலாம் என்று சொல்லி வேறொரு சிடியை எடுத்தார். அதில் பாட்டு கிடையாது. அடியில் ஆரம்பித்து மேலே ஏறிக்கொண்டே போகும் ஒரே ஒரு விசில் சத்தம். "எந்த இடத்துல நிக்குதோ அங்க கையைத் தூக்குங்க," என்றார். நாங்கள் இருவரும் நாற்காலியில் உட்கார்ந்தோம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி.

சத்தம் ஏறியது. குக்கர் விசில் மாதிரி ஆனது. அதையும் தாண்டியது. பக்கத்தில் அவர் கையைத் தூக்கினார்.

நான் சிரித்துவிட்டேன். விளையாடுகிறார் என்று நினைத்தேன். விசில் என் மண்டைக்குள் ஊசியாக இறங்கிக்கொண்டிருந்தது, பல் கூசியது, கடைக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார். இவர் கையைத் தூக்கியபடி, சரியாகச் சொன்ன மாணவனைப்போல் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"நின்னு பூட்ச்சு," என்றார்.

சிரிப்பு பாதியில் நின்று வாய் அப்படியே திறந்திருந்தது. சத்தம் ஏறிக்கொண்டே இருந்தது, அவர் கை மேலேயே இருந்தது.

கடைக்காரர் சிடியை நிறுத்தினார். என் கணவர் மறுபடி மெல்லிசுப் பெட்டியிடம் போய்விட்டார், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கடைக்காரர் என் பக்கம் குனியவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. சாதாரணமாகக் கேட்டார்.

"அம்மா, சாருக்கு என்ன வேலை?"

நாலடி தூரத்தில் நின்றவர் திரும்பவில்லை. நான், "ஹேமர் ஷாப்பு," என்றேன்.

"இன்னிக்கு எதுவும் வாங்க வேணாம்மா," என்றார் அந்த மனிதர்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பீச் ஸ்டேஷன், ராயபுரம், தண்டையார்பேட்டை எல்லாம் போயிருக்கும், ஒன்றும் கண்ணில் படவில்லை. அவர் மூன்று ஜோடியின் நிறைகுறைகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஜன்னலைப் பார்த்தபடி, "இன்னா, கேக்குதா?" என்றேன். அவர் பலகையின் கனத்தைப் பற்றிய பேச்சை நிறுத்தவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். பின்னால் நின்று, வழக்கமாகத் திட்டுகிற குரலில், "யோவ் டமாரம்," என்றேன். செருப்பை ஓரமாக வைத்தார். இன்னும் ஒரு முறை சொன்னேன். நிமிர்ந்து உள்ளே போய்விட்டார்.

என் முந்தானையை யாரோ இழுத்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்த மகள். ஆறு வயசு அவளுக்கு.

"அப்பாக்குப் பின்னால பேசினா தெரியாதும்மா. தொட்டுட்டு முன்னால போய்ப் பேசணும்."

"உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அப்டித்தான் பேசணும்."

அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். இந்தச் சுண்டைக்காய்க்குத் தெரிந்திருக்கிறது. ஊரார் மூச்சையெல்லாம் ஃபோனில் கண்டுபிடிக்கிற எனக்குத் தெரியவில்லை. இவள் எப்போதும் அப்பாவின் கையைத் தட்டிவிட்டுத்தான் பேசுவாள். செல்லம் கொஞ்சுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. ஹேமர் ஷாப்பில் யாரும் வாய்விட்டுப் பேசமாட்டார்கள், பேசினாலும் பிரயோஜனமில்லை. உதடு அசைவதைப் பார்த்து, கையைக் காட்டி, அதிலேயே ஊர்வம்பெல்லாம் பேசுவார்கள் என்று அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்திருக்கிறது. "மூஞ்சப் பாத்துப் பேசுமே" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். எனக்கு மரியாதை சொல்லித்தருகிறாராக்கும் என்று வீம்புக்கே திரும்பி நின்று பேசுவேன். பொறுமைசாலி, பொறுமைசாலி என்றார்களே, என் வசவில் பாதி அவருக்குப் போய்ச் சேரவே இல்லை. குருவி, சில்வண்டு எல்லாம் எண்ணூர்ப் புகையில் செத்துவிட்டன என்று வருகிறவர்களிடமெல்லாம் வருத்தப்படுவாரே, அன்று சாயங்காலம் எங்கள் வாசல் முருங்கையில் குருவிகள் கீச்சுக்கீச்சென்று அடித்துக்கொண்டிருந்தன.

வசவு போய்ச் சேரவில்லை என்றால் மற்றது?

கொழம்பு ஊத்து. அடுப்பைப் பார்த்து நான் கேட்ட மன்னிப்பு அவருக்கு ஒரு முணுமுணுப்பாகக்கூடப் போயிருக்காது. நான் திரும்பியதும் என் முகத்தைப் பார்த்தார், நான் ஏதோ எதிர்பார்க்கிறேன் என்று தெரிந்தது, கையில் சோறு இருந்தது, குழம்பு கேட்டார். இதற்காக எட்டு வருடம் அந்த மனிதரை மனசுக்குள் கல்நெஞ்சக்காரன் என்று வைத்திருந்தேன்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. சமையற்கட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது அடுத்தது வந்தது. கை அரிசித் தண்ணீரிலேயே நின்றுவிட்டது. மைக்கில் மூன்று முறை கூப்பிட்டார்கள். மெய்யாலுமே கேக்கலமே என்றார். அவருக்கு மெய்யாகவே கேட்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வந்து நின்ற மனிதனைப் பார்த்து, நீ டமாரமா என்று கேட்டேன். அதை மட்டும் முகத்துக்கு நேராகக் கேட்டேன். அது முழுசாகப் போய்ச் சேர்ந்திருக்கும், ஒரு எழுத்து விடாமல்.

அன்று நான் சோறு இறங்காமல் எழுந்துவிட்டேன். மறுநாளும் சொல்லவில்லை. காதைப் பற்றிச் சொன்னால் அவர் பாட்டு போய்விடுமே என்று ஒரு பயம். மற்றதைச் சொன்னால் ஆறின புண்ணை நான் கீறுவதாக ஆகிவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம். ஒரு வாரம் பேயறைந்த மாதிரி திரிந்தேன். ஆபீசில் ஃபோன் அடித்தால் திடுக்கிட்டேன்.

காதைப் பற்றி அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து சொன்னேன். எதிரே உட்கார்ந்து, மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து. அவர் நம்பவில்லை. "சொம்மா டபாய்க்காத," என்றார். மணி வரும் பாட்டைப் போட்டு, மணி வருகிற இடத்தில் மகளைக் கையைத் தூக்கச் சொன்னேன். மகள் தூக்கினாள். நானும் தூக்கினேன். மறுபடி போட்டேன். மறுபடி இருவரும் ஒரே சமயத்தில் தூக்கினோம். அவர் எங்கள் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"ஃபேக்டரில எல்லாரும் அப்டித்தான்மே. யாருக்கும் யாரும் பேசறது கேக்காது. சத்தத்துலதான் கேக்கலன்னு நெனச்சேன்." பிறகு திடீரென்று, "அப்ப நம்ம வூட்டு மூணு செட்டும் நல்லாத்தான் இருந்துச்சா?" என்றார்.

"சோக்கா இருந்துச்சி."

"அடப்பாவமே. உன் தம்பிகிட்ட தூக்கிக் குட்தேனே," என்றார். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டரிடம் போனோம். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், பஞ்சு வைப்பதெல்லாம் ஏமாற்று வேலை என்றார். காதை முழுசாக மூடும் கவசத்தை எழுதிக் கொடுத்தார். அவர் தலையாட்டிக்கொண்டே டாக்டரின் வாயைப் பார்த்தார். இனிமேல் ஸ்பீக்கர் பேச்சே எடுக்கமாட்டார் என்று நினைத்தேன். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அவரே கேட்டார். "அந்த மெல்லிசுப் பொட்டி, அது வித்துப் பூட்டிருக்குமா?"

மறுபடி ரிச்சி தெரு. கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் வெள்ளி வளையக்காரனைக் காட்டினேன்.

"அம்மா, அது வேணாம்னு நானே சொன்னேனே. உங்க காதுக்கு அது டப்பா மாதிரி இருக்கும். ஒரே வாரத்துல வெறுத்துடுவீங்க."

"டப்பாதான். பெட்டி பாடுதுன்னு சொன்னீங்க இல்ல, எங்களுக்கு அந்தப் பெட்டி பாடணும்," என்றேன்.

அவர் அருகே என் கணவர் இரண்டு உள்ளங்கைகளையும் அந்தப் பலகையில் பதித்து நின்றிருந்தார். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பில் போடும்போது, இதைச் சுவரோடு ஒட்டி வைக்கலாம், அதிர்வு இன்னும் கூடும் என்று மட்டும் சொன்னார்.

சின்ன வேனில் வந்து இறங்கியது. கட்டிலை நகர்த்தி, டிவியை அறைக்குத் தள்ளி, மாதா படத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு காவல்காரர்களாக நிறுத்தினோம். மதியம் சாப்பாடு முடிந்ததும் அவர் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒரு பெட்டியில் கையை வைத்து மூன்றாவது பாட்டைப் போட்டார். கூடமே கடகடவென்றது. ஆண்கள் வரிசை இரும்பு டிரம்முக்குள் நின்று பாடியது. என் குரல் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அவர் கண்ணை மூடி, கைவழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மகள் அவர் முதுகில் சாய்ந்திருந்தாள். மணி வருகிற இடத்தில், யாரும் சொல்லாமலே, அவர் தோளில் ஒரு தட்டு தட்டினாள். அவர் கண்ணைத் திறக்காமல் தலையாட்டினார்.

பாட்டு முடிந்ததும் நான் போய் நிறுத்தினேன். மகளைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பினேன். அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன். கண்ணைத் திறந்தார்.

"இன்னாமே?"

எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விடலாம் என்றிருந்தது. சுவர், அடுப்பு, எதையாவது பார்க்கலாமா என்று கழுத்து தானாகத் திரும்பியது. அவர் என் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். "மூஞ்சப் பாத்துப் பேசு."

சொன்னேன். எட்டு வருடத்துக்கு முன்னால் அடுப்பிடம் சொன்னதை முதலில் சொன்னேன். அப்புறம் ஒலிபெருக்கியைச் சொன்னேன். டோக்கன் நம்பரைச் சொன்னேன், எனக்கு அது இன்னும் மனப்பாடம். கடைசியில், "அன்னிக்கி மெய்யாலுமே உனக்கு கேக்கலயா," என்றேன். கேள்வியாகக் கேட்கவில்லை. அழுகையில் உதடு கோணிக்கொண்டு போனது. உதட்டைப் படிக்க முடியாமல் போய்விடுமோ என்று இரண்டு விரலால் பிடித்துச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை சொன்னேன்.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், அன்று கட்டிலோரம் நின்று பார்த்த அதே பார்வை. வெளியே லாரிகள் நகர ஆரம்பித்துப் பெட்டியின் பலகை லேசாக நடுங்கியது. அவர் கை இன்னும் அதன்மேல்தான் இருந்தது.

"அதான் அன்னிக்கே சொன்னேனேமே," என்றார்.

"சொன்ன. எனக்குத்தான் கேக்கல," என்றேன்.